நாத்தனாரின் பங்கு எத்தனை சதவீதம்

படிவத்தில் முதல் மூன்று கேள்விகளுக்கு இரண்டே நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன். பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம். நாலாவதில்தான் பேனா நின்றது. ‘அணியின் முன்னேற்றத்தில் இந்த ஆட்டக்காரரின் பங்கு எவ்வளவு? சதவீதத்தில் குறிப்பிடவும்.’ எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்த கேள்வியோ தெரியவில்லை. பதினோரு பேர் ஆடுகிற ஹாக்கியில் ஒருத்தியின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டுமாம். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பில் விரிசல் எங்கே என்று கேளுங்கள், காட்டுகிறேன். இதற்கெல்லாம் என்னிடம் மெஷின் கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த என் மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படிவத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

“இதுக்கு என்னம்மா யோசனை? நூறுன்னு போடு.”

“அத்தை, நூறுன்னா மத்த பத்துப் பேரும் வேடிக்கை பாத்தாங்கன்னு அர்த்தம்.”

“போன வருஷம் வேடிக்கைதானே பாத்தீங்க?”

எனக்கு வந்த கோபத்தில் பேனா மூடியைக் கடித்துவிட்டேன். மாமியார் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் தன் மகளைப் பற்றிய எந்தக் கணக்கும் அவருக்கு மனப்பாடம். ஆமாம், அந்த ஆட்டக்காரர் வேறு யாருமில்லை, என் கணவரின் தங்கை. இருபத்தொன்பது வயது, வீட்டில் இன்னும் பேர் ‘பாப்பா’. இந்த சீசன் ஆரம்பத்தில்தான் எங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் தங்கி, என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருகிறாள், என் அணியிலேயே ஆடுகிறாள்.

அவளுக்கு இரண்டு மாதத்தில் முப்பது முடிகிறது. மண்டல அணியில் முப்பதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. இதற்கு முன்னால் இரண்டு முறை தேர்வுக்குப் போய், இரண்டு முறையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியிருக்கிறாள். இந்த முறை இல்லையென்றால் இனி எந்த முறையும் இல்லை. மருத்துவமனையிலிருந்து அவள் பெயரைப் பரிந்துரைத்துக் கடிதம் அனுப்பியிருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் அதற்கடுத்த ஞாயிறு, தேர்வாளர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதற்குள் கேப்டன் இந்தப் படிவத்தை நிரப்பி வைத்திருக்க வேண்டும். கேப்டன் நான்தான். ஒன்பது வருடமாக நான்தான். மற்ற எல்லாரும் மாட்டேன் என்று சொன்னதால் நான்தான்.

எங்கள் லீக்கில் எட்டு மருத்துவமனைகள். போன வருடம் பதினாலு ஆட்டத்தில் ஒரே ஒன்றில் ஜெயித்தோம், அதுவும் எதிரணியின் பஸ் வராததால். இந்த வருடம் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது வெற்றி, இரண்டு சமம். உடனே மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘பிசியோ வந்தார், அணி எழுந்தது.’ அவ்வளவுதான், கதை முடிந்தது. அதுவரை நாங்கள் எல்லாரும் படுத்துக் கிடந்தோம் போல.

நான் கணக்கு எடுத்துப் பார்த்தேன். நாங்கள் போட்ட கோல் முப்பத்தொன்று. அதில் பிசியோ போட்டது நாலு. பதினாறு போட்டது எங்கள் கிச்சன். எங்கள் அணியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓடுகிற வேகத்தில் பெயர் எங்கே ஞாபகம் வரும், வேலை பார்க்கிற இடம்தான் வாயில் வரும். நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற பெண் கிச்சன். கோலில் நிற்பவர் லாண்டரி அக்கா. ரத்தம் எடுக்கிறவள் லேப். நான் எக்ஸ்ரே, பின்வரிசைத் தடுப்பு.

பிசியோ ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு காரியம் செய்தாள். அதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் பந்து வரும்போதெல்லாம் நான் “என்னுது!” என்று கத்துவேன். நான் எடுக்கிறேன், நீங்கள் விலகுங்கள் என்று அர்த்தம். எனக்கு முன்னால் நிற்கிற லேப் காதில் அது “என்னது?” என்று விழும். அவள் ஓடுவதை நிறுத்தித் திரும்பி, “ஒண்ணுமில்லக்கா” என்பாள். கோலில் இருந்து லாண்டரி அக்கா, “என்னடி, என்னது?” என்பார். நான் மறுபடியும் “என்னுது, என்னுது!” என்பேன். “அதைத்தானே நானும் கேக்கறேன்” என்பார் அக்கா. இதற்குள் பந்து எங்கள் மூன்று பேருக்கும் நடுவே நிதானமாக உருண்டு உள்ளே போய்விடும். எட்டு வருடம் இப்படித் தோற்றோம், ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

பிசியோ இரண்டாம் நாள் பயிற்சியில் இதைப் பார்த்து, மட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சிரித்து முடித்துவிட்டு, இனிமேல் யாரும் தனக்கு என்று கத்தக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவள் பந்து யாருக்கு என்று சொல்ல வேண்டும் என்றாள். ‘லேப், உனக்கு.’ ‘கிச்சன், உனக்கு.’ அவ்வளவுதான். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போட்டாள். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற லேப், ‘உனக்கு’ என்று கேட்டதும் முதல் முறையாக மட்டையைச் சரியாகப் பிடித்து நின்றாள். அதுவும் என் கண்ணில் பட்டது, படாத மாதிரி இருந்துகொண்டேன்.

சரி, இவ்வளவு குழப்பம் எதற்கு, எல்லாரையும் கேட்டுவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரிடமும் போனேன். அது நான் செய்த முதல் முட்டாள்தனம். லாண்டரி அக்கா ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டே, தான் தடுத்த பந்துகளை விரல் விட்டு எண்ணி, தனக்கு நாற்பது என்றார். கிச்சன் சாப்பாட்டு வண்டியை நிறுத்தாமலே, கோல் போடுகிறவளுக்குப் பாதியாவது வேண்டாமா என்று கேட்டாள். புதுச் சட்டை வாங்கித் தந்தது நிர்வாகம், அதற்கு இருபதாவது போடுங்கள் என்றார் அலுவலக மேலாளர், சிரிக்காமல் சொன்னார். என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாப்பாவுக்கு அறுபது போடேன், பாவம்” என்றார். மாமியாரின் நூறு தனி. கூட்டிப் பார்த்தால் இருநூற்றெழுபது வந்தது. லேப் மட்டும், தனக்கு ஒன்றும் வேண்டாம், பிசியோவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள் என்றாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது.

இந்த இருநூற்றெழுபதில் எனக்கென்று யாரும் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒன்று. சும்மா ஒரு பேச்சுக்கு. பதினாலு பெண்களுக்கு ஒரே ஞாயிறு காலையில் டியூட்டி இல்லாமல் பண்ணுவது எவ்வளவு பெரிய கூத்து என்று இவர்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு வாரமும் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அறை வாசலில் நின்று பல்லைக் காட்டுவது யார்? மைதானத்துக்குக் கெஞ்சுவது யார்? தோற்றபோது அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டது யார்? ஜெயித்தபோது மட்டும் என் முகம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வலித்தது. வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் மறுநாள் ஆட்டத்துக்கான பெயர்ச் சீட்டை எழுத உட்கார்ந்தேன். தேர்வாளர் வருவதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டம் அவள் இல்லாமல் ஆடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஜெயித்துவிட்டால் அறிவிப்புப் பலகையில் இருக்கிற தாளை நானே கிழித்துப் போடலாம். மாமியார் முகத்தைப் பார்க்கலாம். அவள் பெயரை விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவளிடம், “உன் கணுக்கால் வீங்கியிருக்கிற மாதிரி இருக்கு. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். நாளைக்கு நீ ஆட வேணாம்” என்றேன்.

அவள் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். கணுக்கால் அவளுடைய தொழில். “நல்லாத்தானே இருக்கு அண்ணி?”

“எக்ஸ்ரே எடுக்கறது நானா நீயா?”

அவள் காலைக் கீழே இறக்கினாள். ஒன்பது வருடம் எலும்பைப் பார்த்த கண் என்று நம்பினாளோ, கேப்டன் என்று விட்டுவிட்டாளோ. அந்த நம்பிக்கையை நான் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

ஞாயிறு காலை ஆட்டம் ஆரம்பித்தது. சீட்டில் பெயர் இல்லாததால் அவள் ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார முடியாது. கம்பிவேலிக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களோடு நின்றாள். எதிரணி லீக்கில் மூன்றாவது இடத்தில் இருந்த இதய மருத்துவமனை. லேசுப்பட்டவர்கள் இல்லை. நானே உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் போனேன்.

ஆறாவது நிமிடம் கிச்சன் ஒரு கோல் போட்டாள். பதினெட்டாவது நிமிடம் இன்னொன்று. பந்து ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகிற அழகைப் பார்த்து எனக்கே வாய் பிளந்தது. ‘லேப், உனக்கு.’ ‘பில்லிங், உனக்கு.’ ‘எக்ஸ்ரே, உங்களுக்குக்கா.’ பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்குப் பூஜ்யம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பார்த்தாயா, அவள் இல்லாமலே, பார்த்தாயா என்று உள்ளே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடித்துக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். மூன்றாவது படியில் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, ஒரு காலை நேராக நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு கோப்பு வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கோப்பின் மேல் மண்டல அணியின் முத்திரை.

தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் என்றுதானே எழுதியிருந்தார்கள்? ஆட்ட அலுவலர் மேசைக்கு ஓடிப்போய் ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டார். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிசியோவும் அந்தப் பெண்மணியைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

இரண்டாம் பாதி எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. ஒன்றிரண்டு கோல் வாங்கித் தொலைக்கலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் பந்து வந்தபோது என் வாயே “லேப், உனக்கு” என்று கத்தியது. லேப் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததில்தான் மூன்றாவது கோல் விழுந்தது. எல்லாரும் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். முப்பது பேரைத் திட்டக்கூடிய கோபம் எனக்கு வந்தது, அத்தனையும் என் மேலேயே.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளரிடம் ஓடினேன். அடுத்த ஞாயிறு தனக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது, அதனால் முன்கூட்டியே வந்துவிட்டதாகச் சொன்னார், தேதி மாறினால் அதைத் தெரிவிக்கிற வழக்கம் இல்லையாம். பட்டியல் நாளைக் காலை போக வேண்டுமாம்.

“பதினோராம் நம்பர் பொண்ணு நல்லா ஆடுது. ஆனா உங்க கடிதத்துல இருந்தது வேற பேராச்சே, எங்க அவங்க?”

பதினோராம் நம்பர் கிச்சன். “அவங்க இன்னைக்கு ஆடல மேடம்.”

“அவங்க இல்லாமலே மூணு கோல் போட்டீங்களே. அப்புறம் எதுக்கு அவங்க?”

இதைத்தான் நான் ஒரு வாரமாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், போன வருஷம் நாங்க ஆடினதை நீங்க பாக்கல. பாத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டீங்க. இன்னைக்கு அவ இல்லாம ஜெயிச்சோம்னா அது அவ பண்ணி வச்ச வேலை. அந்த மூணாவது கோலுக்குப் பந்து குடுத்தது யாரு தெரியுமா? பந்து வந்தா கண்ணை மூடிக்கற பொண்ணு. அவளை ஆட வச்சது பிசியோ. எங்க எல்லாரையும் ஆட வச்சது பிசியோ.”

என் வாயிலிருந்தா இதெல்லாம் வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தேர்வாளர் அசையவில்லை. தான் கண்ணால் பார்க்காததை எழுத முடியாது என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, பத்து நிமிடம் அவளை இறங்கி ஆடிக் காட்டச் சொன்னார்.

பிசியோ மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பெரிய மைதானத்தில் அவள் ஒருத்தி. பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள், கோலை நோக்கி அடித்தாள், திரும்பி வந்தாள், மறுபடி அடித்தாள். அவள் ஆட்டம் சாதாரணமாக இருந்தது. வேகம் சுமார். அடியில் அப்படியொன்றும் பலம் இல்லை. கிச்சன் இதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிப்பாள். முந்தைய இரண்டு தேர்விலும் இவள் ஏன் திரும்பி வந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனியாக நிறுத்தி அடிக்கச் சொல்லியிருப்பார்கள். தேர்வாளர் பேனாவை மூடிக் கோப்புக்குள் வைத்தார்.

“மேடம், அஞ்சு நிமிஷம். எழுந்திரிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்து எல்லாரையும் மறுபடி மைதானத்துக்கு வரச் சொன்னேன். லாண்டரி அக்கா காப்பு, கவசம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“உனக்குக் கிறுக்கு பிடிச்சிடுச்சா? ஜெயிச்சாச்சுடி. வீட்டுக்குப் போகணும்.”

“அக்கா, அவளுக்கு வேற ஞாயித்துக்கிழமை இல்ல.”

அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு என் தலைமுறை, என் குடும்பம், நான் பிறந்த நேரம் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே கவசத்தை மாட்ட ஆரம்பித்தார். அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள்.

பாதி மைதானம், ஒரே கோல், பத்து நிமிடம். பிசியோவும் ஆறு பேரும் தாக்க வேண்டும், மற்றவர்கள் தடுக்க வேண்டும். பிரித்தது நான். கிச்சனையும் நன்றாக ஆடுகிற அத்தனை பேரையும் என் பக்கம் வைத்துக்கொண்டேன். அவளுக்கு லேப், பில்லிங், இந்த வருடம் இரண்டு முறை மட்டுமே மைதானத்தில் கால் வைத்த பார்மசி, இப்படிப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். கிச்சன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. நான் இன்னும் நாத்தனாரைப் பழிவாங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

“யாரும் ஒண்ணுகூட விட்டுக் குடுக்காதீங்க” என்றேன். “விட்டுக் குடுத்தா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடும். உயிரைக் குடுத்துத் தடுங்க.”

தடுத்தோம். முதல் மூன்று நிமிடம் அவர்களால் எங்கள் வட்டத்துக்குள் வரவே முடியவில்லை. பிசியோ கத்தவுமில்லை, பதறவுமில்லை. நடுவில் நின்று பந்தை வாங்கி, வாங்கி, திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். “பார்மசி, உனக்கு. தப்பாப் போனா பரவாயில்ல, மறுபடியும் உனக்குத்தான்.” பார்மசி மூன்று முறை தவறவிட்டாள். நாலாவது முறையும் பந்து அவளுக்குத்தான் போனது. அந்த முறை அவள் தவறவிடவில்லை. நான் பிசியோவை மறிக்க ஓடியிருந்தேன், கிச்சனும் அங்கேதான் ஓடியிருந்தாள், பார்மசிக்கு முன்னால் லாண்டரி அக்காவைத் தவிர யாருமில்லை. அடித்தாள், உள்ளே போனது. தன் மட்டையையே நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்.

இரண்டாவதை லேப் போட்டாள், கண்ணைத் திறந்துகொண்டே. நான் விழுந்து முழங்கை தேய்ந்து தடுத்தும் போட்டாள். பத்து நிமிடம் முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்பது வருடத்தில் நான் இவ்வளவு உண்மையாக ஆடியது இல்லை, இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதும் இல்லை. பிசியோ ஒரு கோலும் போடவில்லை.

தேர்வாளர் காலை மெதுவாக மடக்கி எழுந்து இறங்கி வந்தார். படிவத்தைக் கேட்டார். நாலாவது கேள்வியை நிரப்பவில்லை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்று சொல்லி நீட்டினேன்.

“அதை விடுங்க. அதுல எல்லாரும் நூறுன்னுதான் போட்டு அனுப்பறாங்க” என்றார். அதே இடத்தில் நின்று தன் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். கடைசியாக ஒரு இடம் இருந்தது, கிச்சனுக்கா இவளுக்கா என்று யோசித்தாராம், கிச்சனுக்கு வயது இருபத்திரண்டுதான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்று மாதப் பயிற்சி முகாம், வருகிற வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

பிசியோவை எல்லாரும் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். லாண்டரி அக்கா அழுதார். நான் ஓரமாகப் போய் முழங்கையைக் கழுவினேன். தண்ணீர் பட்டு எரிந்தது. கூட்டம் கலைந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணி, என் கணுக்காலுக்கு ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பெயர் எழுதியாகிவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, சின்னப் பொய் ஒன்று போதும். எனக்கு மனசு வரவில்லை.

“தெரியும். நீ இல்லாம ஜெயிச்சுக் காட்டணும்னுதான் உன் பேரை எழுதல. உன்னையே எல்லாரும் தூக்கி வச்சுப் பேசறாங்கன்னு வயித்தெரிச்சல். அவங்க இன்னைக்கு வருவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தாதான் தப்புன்னு இல்ல, இப்பவும் தப்புதான்.”

அவள் முகம் சிவந்தது. பரவாயில்லை அண்ணி என்பாள் என்று எதிர்பார்த்தேன் போல. சொல்லவில்லை. “எனக்கு முப்பது ஆகப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள்.

வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்ததும் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொல்லப்போகிறாள், வெள்ளிக்கிழமை வரை வீட்டில் என்னோடு யாரும் பேசப்போவதில்லை, சொல்லட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். மீன் சந்தை முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. தொண்ணூறு நொடி. எண்ணிக்கை இருபதுக்கு இறங்கியது.

பிறகு அவள், என் முதுகைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

“நான் இல்லாதப்ப கிச்சனை வலது ஓரத்துல ஓட விடாதீங்க. அவளை நடுவுல போடுங்க. ஓரத்துக்கு லேப் போதும். அப்புறம், அந்த நர்சிங் சூப்பரின்டென்டன்ட்கிட்ட நீங்க போய் நின்னு டியூட்டி மாத்தலன்னா இந்த டீமே கிடையாது. இனிமே தனியாப் போகாதீங்க. லாண்டரி அக்காவையும் கூட்டிட்டுப் போங்க.”

ஒரு வாரமாக நான் யார் யாரிடமோ அலைந்து தேடியதை, என் மேல் இவ்வளவு ஆத்திரமாக இருக்கிற நேரத்தில், இவள் எடுத்து என் கையில் கொடுக்கிறாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விளக்கு பச்சையானது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஹெல்மெட்டுக்குள் கண் முழுக்கத் தண்ணீர், ரோடு தெரியவில்லை.

“அண்ணி, வண்டியை எடுங்க” என்றாள்.